கை பார்க்கும் அம்பலவாணன்

காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் சரிசெய்ய நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஓடினால் போதும் என்கிறவர்கள் அவர்களில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்வார்கள். கெடுத்தது யார் என்றும் தெரிந்தாக வேண்டும் என்கிறவர்கள் அம்பலவாணனைக் கூப்பிடுவார்கள்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் ஒரு சிவப்புத் துண்டு. வாசலில் செருப்பை விடும்போதே "எத்தன வருசத்துப் பொட்டி?" என்று கேட்டபடி நுழைவார். ஸ்டெபிலைசரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். கதவைத் திறந்து பல்பு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவரும் தும்மக்கூட மாட்டார்கள். கடைசியாகப் பின்பக்கம் கையை விட்டுக் கம்பிச் சுருளைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து நிற்பார். துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். வீட்டார் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

"யாரு கை?"

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவரைக் கூப்பிடுவதே. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வீட்டில் எதேச்சையாகக் கேட்டது. கொதிக்கக் கொதிக்க சாம்பார்ச் சட்டியை உள்ளே வைத்த ஆள் யார் என்று கேட்டார். வாத்தியாரின் மூத்த மகன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் வீடே சிரித்தது. மறுநாள் தெருவும் சிரித்தது. அம்பலவாணனுக்கு அந்தச் சிரிப்பு உடம்பெல்லாம் இனித்தது. ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்து, தட்டில் சோறு இருக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்க்காமல் வளர்ந்தவர் அவர். பட்டினச்சேரிக்குப் போகிற வழியில் இருந்த ஓர் ஐஸ் ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். அங்கே மெஷின் சத்தத்தில் அவர் சொன்னது யார் காதிலும் விழாது, விழுந்தாலும் ஏறாது. முப்பத்தேழு வயதில்தான் அவர் வாயைத் திறந்ததும் ஒரு கூடம் முழுக்க அமைதியாயிற்று. அந்த ருசி கண்ட பிறகு மனுஷன் விடுவாரா?

அதற்குப் பிறகு அவர் போகிற வீடுகளில் ஃபிரிட்ஜ் தானாகக் கெடுவது நின்றுபோயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்தது. ஆஸியா பீவி வீட்டில் கதவு ரப்பர் கிழிந்ததற்குச் சமையல்காரப் பெண்ணின் கையைச் சொன்னார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எதையோ எடுத்துத் தின்றுகொண்டே நிற்கிற கை என்று ஒரு வார்த்தை கூடுதலாகவும் சொன்னார். அந்தப் பெண்ணை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவளே வரவில்லை. அம்பலவாணன் அந்தச் சங்கதியை டீக்கடையில் மூன்று நாள் சொல்லிச் சிரித்தார்.

தொழிலில் கெட்டிக்காரர், அதில் சந்தேகம் வேண்டாம். பத்துக்கு எட்டு சரியாகச் சொல்லுவார். மீதி இரண்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை. அவர் மனைவி சந்திரலேகா மட்டும் தன் வீட்டு ஃபிரிட்ஜில் அவரைக் கை வைக்க விடுவதில்லை. ஒருமுறை அது நின்றுபோனபோது திருநள்ளாற்றிலிருந்து வேறு ஆளை வரவழைத்தாள். ஏன் என்று அம்பலவாணன் கேட்டார். "எனக்கு ஃபிரிட்ஜு ஓடுனாப் போதும்" என்றாள்.

இந்த அம்பலவாணனைத்தான் போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை சொர்ணாம்பாள் கூப்பிட்டு அனுப்பினாள்.

சொர்ணாம்பாள் அறுபதைத் தாண்டியவள். புருஷன் பஞ்சநாதன் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன் அகரன் டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான், பைக்கில் போய்வருகிறான். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பெண் சிவப்ரியா, நெடுங்காடு. தகப்பனுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சாப்பாடு. பெண்ணோடு கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் வந்தது. ஃபிரிட்ஜ் வரவில்லை. "அதான் வீட்ல இருக்கே" என்று கல்யாணப் பேச்சின்போது பெருந்தன்மையாகச் சொன்னவள் சொர்ணாம்பாளேதான். சொன்ன நாளிலிருந்து அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவளும் அவளேதான்.

வீட்டிலிருந்தது பஞ்சநாதன் பதினேழு வருஷத்துக்கு முன்பு வாங்கிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மெரூன் நிறம். சமையலறைக்கு வெளியே, கூடத்து மூலையில், ஒரு பக்கம் கிரைண்டரும் மறுபக்கம் அரிசி டிரம்மும் நெருக்க, அசைக்க முடியாதபடி நின்றது. அம்பலவாணன் உள்ளே நுழைந்ததும் காலில் நறநறவென்று ஏதோ தட்டுப்பட்டது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை கழுவிய தரை. மூலைகளில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அவர் அதைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"எத்தன நாளா ஓடாமக் கெடக்குக்கா?"

"ஓடாம எங்க தம்பி கெடக்கு? வியாழக்கெழமலேருந்து நிக்காம ஓடிக்கிட்டே கெடக்கு. குளுரத்தான் மாட்டேங்குது. பால் திரிஞ்சு போச்சு, மாவு பொங்கி வழியுது."

பக்கத்து வீட்டு வெண்மதி, தன் வீட்டுப் பால் பாக்கெட்டும் இந்த ஃபிரிட்ஜில்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள். பால் நேற்றே திரிந்துவிட்டது. அவள் வந்தது பாலுக்காக அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அகரன் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்பலவாணன் முள்ளைப் பார்த்தார், கரண்ட் சரியாக இருந்தது. பல்பு எரிந்தது. காதை வைத்தார், கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கையை விட்டுத் தொட்டார், கம்ப்ரசர் தோசைக்கல்லாகக் கொதித்தது. ஆனால் முதுகுக் கம்பிச் சுருள் வெதுவெதுப்புக்கூட இல்லாமல் கிடந்தது. நல்ல ஃபிரிட்ஜில் அந்தக் கம்பி சுட வேண்டும். உள்ளேயிருக்கும் சூட்டை வாங்கி வெளியே விடுகிற இடம் அதுதான்.

"கேஸ் போயிடுச்சுக்கா" என்றார்.

சொர்ணாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "தானாப் போச்சா, யாராச்சும் போக்கடிச்சாங்களா?"

இந்த இடத்தில் ஒரு மெக்கானிக் என்ன செய்ய வேண்டும் என்று அம்பலவாணனுக்கு நன்றாகத் தெரியும். டிரம்மை நகர்த்தி, ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, குழாயில் காற்றடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். எங்கே நுரை குமிழி விடுகிறதோ அங்கே ஓட்டை. அரை நாள் வேலை. ஆனால் டிரம்மில் ஒரு மூட்டை அரிசி இருந்தது, அகரன் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை, வெண்மதி கண்ணை அகல விரித்துக் காத்திருந்தாள். அம்பலவாணன் ஃப்ரீசர் கதவைத் திறந்தார்.

ஐஸ் உருகி ஈரமாக இருந்த அலுமினியத் தகட்டில், நடு மத்தியில், இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

மீன் பொட்டலம் ஃப்ரீசரில் ஒட்டிக்கொண்டால் கத்தியால் நெம்பி எடுப்பது கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சாதாரணம். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் தகட்டுக்குள் ஓடுகிற குழாய் பொத்துக்கொள்ளும். கேஸ் புஸ்ஸென்று போய்விடும். அம்பலவாணன் அப்படி நூறு பார்த்திருக்கிறார். கீறலை விரலால் தடவினார். கேஸ் தனியாகப் போகாது, கம்ப்ரசர் எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். பொத்துக்கொண்ட இடம் பிசுபிசுக்கும். இங்கே விரல் சுத்தமாக வந்தது. எண்ணெயும் இல்லை, பிசுக்கும் இல்லை.

அவர் அதைக் கவனித்தார். கவனிக்கவில்லை என்று பிற்பாடு அவரால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. சுத்தமாக வந்த விரலை, எல்லோரும் பார்க்கும்படி, அழுத்தித் துண்டில் துடைத்தார்.

"யாரு கை?"

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தார்கள். சிவப்ரியா டீ டம்ளர் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நான் குத்தலைங்க" என்றாள். "ஒட்டிக்கிட்டுச்சுன்னா தண்ணி ஊத்தித்தாங்க எடுப்பேன்."

"எல்லாரும் அப்புடித்தாம்மா சொல்லுவாங்க. தகடு பொய் சொல்லாதுல்ல?" அம்பலவாணன் டீயை எடுத்துக்கொண்டார். "நெடுங்காட்டுல மீன வாய்க்கால்லேருந்து நேரா சட்டியில போடுவீங்க. ஐஸுல வச்ச மீனு உனக்கு எங்க பழக்கம்?"

வெண்மதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு சிரிப்பு வந்துவிட்டால் அம்பலவாணனுக்கு அடுத்த வார்த்தை தானாக வந்துவிடும்.

"புதுக் கைக்கா. பழகின கையா இருந்தா இப்புடிக் குத்தாது."

"புதுக் கை" என்று சொர்ணாம்பாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பொருள் கையில் கிடைத்தவள் மாதிரி அவள் முகம் தெளிந்துவிட்டது. அகரன் எழுந்து வந்து கீறலைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு செல்போனுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

தகடு மாற்றிக் கேஸ் ஏற்றலாம் என்று அம்பலவாணன் சொன்னார். சொர்ணாம்பாள் கேட்கவில்லை. "அவரு வாங்கி வச்ச பொருளு. குத்திக் கொன்னுட்டா. இனி இத ஏன் வச்சுப் பாக்கணும்? நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி" என்றாள். மத்தியானமே மெரூன் ஃபிரிட்ஜ் லோடு ஆட்டோவில் ஏறி, பஸ் ஸ்டாப் பக்கத்திலிருந்த அவர் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை வெண்மதி மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். ஜாருக்கு ஒன்றுமில்லை. செய்தி சொல்ல ஒரு சாக்கு.

"திங்கக்கெழம காலையில அகரன் பொண்டாட்டியப் பைக்குல ஏத்திக்கிட்டுப் போயி நெடுங்காட்டுல எறக்கி விட்டுட்டு, அப்புடியே ஆபீசுக்குப் போயிடுச்சுங்க. ஒரே ஒரு பை. 'வந்தா ஃபிரிட்ஜோட வா, இல்லன்னா அங்கயே இரு'ன்னு சொர்ணாம்பா அக்கா வாசல்ல நின்னு சொன்னாங்க. தெருவே பாத்துச்சு. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் இல்லவே இல்லைன்னு சாதிச்சுதுங்க. யாரு நம்புவா? நீங்க சொன்ன பொறவு?"

அம்பலவாணனுக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாம் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பமே ஆடுகிறதே என்று நினைத்துக்கொண்டார். ஜாரைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை வேலை குறைவு. ஃபிரிட்ஜைச் சரிபண்ணி யாருக்காவது தள்ளிவிடலாம் என்று அதை நடு ஷெட்டுக்கு இழுத்தார். குழாயில் காற்றடைத்தார். ஃப்ரீசர் கீறலில் நுரையைத் தடவிவிட்டுப் பீடி பற்றவைத்தார். பீடி பாதி எரிந்தது. நுரை தடவியது தடவியபடி அசையாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் காற்றேற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். கீறலின் ஓரங்கள் மழுங்கிக் கறுத்துப்போயிருந்தன. எத்தனையோ வருஷத்துக் கீறல். தகட்டின் மேல்தோலைச் சீவியதோடு சரி, குழாயைத் தொடவேயில்லை.

பீடியை அணைத்துவிட்டு ஃபிரிட்ஜைக் குப்புறச் சாய்த்தார். அடிப்பக்கம் தெரிந்தது. நாலு காலும் துருவேறி வீங்கியிருந்தன. அடித்தகடு பிஸ்கட் மாதிரி பொடிந்தது. கம்ப்ரசருக்குக் கீழே வளைந்து போகிற இரும்புக் குழாயில் விரலை வைத்தார். விரல் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. நுரையை வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. உஸ்ஸென்று சத்தமே கேட்டது.

துருவின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

காரைக்காலில் கடற்காற்று எல்லா இரும்பையும் கொஞ்சம் தின்னும். அது மேலிருந்து தின்னும், பரவலாகத் தின்னும். இது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி நின்றது. அதற்கு மேலே மெரூன் பெயின்ட் புதிதாகப் பளபளத்தது. சனிக்கிழமை காலில் நறநறத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சொர்ணாம்பாள் வெள்ளிக்கிழமைதோறும் வாளித் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, திருஷ்டி கழிய வீடு முழுக்க ஊற்றிக் கழுவுவது தெருவுக்கே தெரியும். அவள் கூடத்து மூலையில் எறிந்த தண்ணீரெல்லாம் டிரம்முக்கும் கிரைண்டருக்கும் நடுவே போய், வெளியேற வழியில்லாமல், ஃபிரிட்ஜுக்கு அடியில் தேங்கியிருக்கிறது. பதினேழு வருஷத்து வெள்ளிக்கிழமை.

யாரு கை என்று கேட்க ஷெட்டில் ஆள் யாருமில்லை. அவருக்கே பதில் தெரிந்துவிட்டது.

பொத்துப்போன இடத்தை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தெடுத்து மேஜையில் வைத்தார். உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து சட்டையை மாட்டினார். பிறகு, என்னவென்று சொல்வது என்று யோசித்தார். அம்பலவாணன் தப்பாகச் சொல்லிவிட்டார் என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். அப்புறம் ஆஸியா பீவி வீட்டிலிருந்து யாராவது கேட்பார்கள், அந்த ரப்பர் விஷயமாவது நிஜந்தானா என்று. சட்டையைக் கழற்றி மறுபடியும் ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை ஒருவர் ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஷெட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆளை அம்பலவாணன் அதுவரை பார்த்ததில்லை.

"சார், நான் நெடுங்காடு. சிவராமன்னு பேரு. சிவப்ரியாவோட அப்பா."

"வாங்க" என்றார் அம்பலவாணன்.

"எம் பொண்ணு பண்ணது தப்புதான் சார். மூணு நாளா இல்லவே இல்லைன்னு சாதிச்சுது. 'மெக்கானிக்கே பாத்து சொல்லிட்டாரு, இன்னும் என்னாடி சாதிக்கிற'ன்னு அவங்க அம்மா ரெண்டு வச்சுட்டா. பொறவுதான் ஒத்துக்கிச்சு." சிவராமன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சின்னதுலேருந்தே அதுக்குக் கை கொஞ்சம் வேகம் சார். நாங்கதான் சரியா வளக்கல."

இதுதான் பேச வேண்டிய நேரம் என்று அம்பலவாணனுக்குத் தெரிந்தது. டெஸ்டரை எடுத்து மறுபடியும் சட்டைப் பையிலேயே செருகினார்.

"கடைக்குப் போயி ஒண்ணு எடுக்கணும். எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது. அறுப்பு முடியட்டும்னு கேட்டுப் பாத்தேன், சம்பந்தியம்மா ஆவாதுன்னுட்டாங்க. நீங்க சொல்ற பொட்டின்னா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார்." பேச்சுக்கு நடுவே அவர் கை மேஜையிலிருந்த குழாய்த் துண்டை எடுத்து உருட்டியது. துரு உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டியது. "இது என்னா சார்?"

"பழைய இரும்பு" என்றார் அம்பலவாணன்.

சிவராமன் அதை எடுத்த இடத்திலேயே பதனமாக வைத்தார். அம்பலவாணன் ஒரு காகிதத்தில் மாடல் எழுதிக் கொடுத்தார். அடியில் வைக்க உயரமான ஸ்டாண்டும் சேர்த்து வாங்குங்கள் என்று சொன்னார். இரண்டு தடவை சொன்னார். அவருக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். சிவராமன் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிடு வாங்கிக்கொண்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் அம்பலவாணன் அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜ் வந்தது. லோடு வண்டியில் அதைச் சாய்த்துவிடக் கூடாது என்று கடைக்காரன் சொன்னதால், நெடுங்காட்டிலிருந்து கோவில்பத்து வரை சிவராமன் பின்னால் நின்றுகொண்டு அதைக் கட்டிப்பிடித்தபடியே வந்தாராம். முன்னால் டிரைவர் பக்கத்தில் சிவப்ரியா. இறக்கி வைத்ததும், காப்பி குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, சிவராமன் அதே வண்டியில் திரும்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் சொர்ணாம்பாளிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நீங்க வந்து உங்க கையால ப்ளக்க மாட்டணும்."

அம்பலவாணன் குழாய்த் துண்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். வழியில் இரண்டு இடத்தில் பைக்கை நிறுத்தினார். இருந்தாலும் போய்ச் சேர்ந்தார்.

புது ஃபிரிட்ஜ் நீலத்தில் பளபளவென்று பழைய மூலையிலேயே நின்றது. அதே டிரம், அதே கிரைண்டர். ஸ்டாண்டு பிரிக்காத அட்டைப்பெட்டியோடு வாசலில் கிடந்தது. "உசரமா இருந்தா எனக்கு எட்டலை, வேணாம்னுட்டேன்" என்றாள் சொர்ணாம்பாள். வெண்மதி தெருவில் இரண்டு பேரை வேறு சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். "பாத்துக்குங்க, இவருதான். வெரல வச்சுத் தடவிப் பாத்தே யாரு கைன்னு சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு அப்புடியா இப்புடியான்னுச்சு. கடைசியில அதுவே ஒத்துக்கிச்சுல்ல" என்று அவர்களிடம் சொன்னாள். அந்த இரண்டு பேரும் அம்பலவாணனைக் கோயில் தேரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போனார். சிவப்ரியா குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். கன்னத்து எலும்பில், அம்மா அடித்த வீக்கம் வடிந்து மஞ்சளாகக் கன்றிய தடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அம்பலவாணன் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"அம்மா, அது நீ குத்துனதால கெடல. இந்தா பாரு, கீழ பைப்பு துருப்புடிச்சுப் பொத்துப் போயிருக்கு. நான்தான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். உங்க அத்தைக்கிட்ட இப்பவே..."

சிவப்ரியா குழாய்த் துண்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"நான் குத்தலைன்னு எனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள்.

அம்பலவாணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"அவருக்கும் தெரியும். அந்தக் கீறல் அவரு காலேஜ் படிக்கிறப்பவே இருந்துச்சாம். அத்தைதான் கொடுவா மீனக் கத்தியால பேத்தெடுத்தாங்களாம். இப்ப வந்து எறங்குன ஒடனே சொன்னாரு, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேட்டேன். 'எப்புடியும் புது ஃபிரிட்ஜு வந்துச்சுல்ல'ங்குறாரு." வாளி நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள். "நீங்க இப்பப் போயி இல்லைன்னு சொன்னீங்கன்னா, நாலு பேரு முன்னாடி அத்தைக்கு மூஞ்சி செத்துப்போவும். அதுக்கு யாருண்ணே அனுபவிக்கணும்? நீங்க டீ குடிச்சிட்டுப் போயிடுவீங்க."

"இருந்தாலும்மா..."

"நான் குத்துனதாவே இருக்கட்டும். எங்க அம்மாக்கிட்ட அடி வாங்கி ஒத்துக்கிட்டது. அதையும் பொய்யின்னு ஆக்கிடாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், ஒண்ணும் சொல்லாதீங்க."

கையெடுத்துக் கும்பிடவில்லை, இரண்டு கையாலும் வாளியைப் பிடித்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்பலவாணன் குழாய்த் துண்டைத் திரும்பவும் காகிதத்தில் சுற்றினார். கையைக் கழுவினார். கழுவிய கையையே திரும்பக் கழுவினார்.

கூடத்துக்கு வந்தபோது சொர்ணாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முட்டிவலி என்று சொல்லி, வெள்ளிக்கிழமை வேலையை இந்த வாரத்திலிருந்து மருமகளிடம் விட்டுவிட்டாள். சிவப்ரியா டப்பாவிலிருந்து கல்லுப்பை அள்ளி வாளியில் போட்டுக் கலக்கினாள்.

"இன்னொரு கை போடுடி" என்றாள் சொர்ணாம்பாள். "புதுப் பொருளு வந்துருக்கு, இத்தன பேரு கண்ணு படுது. ஃபிரிட்ஜுக்கு அடியில நல்லா ஊத்திவிடு."

சிவப்ரியா ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் டிரம்மைச் சுற்றிக்கொண்டு போய் நீல ஃபிரிட்ஜின் அடியில் புகுந்தது. திரும்பி வரவில்லை.

"அக்கா" என்றார் அம்பலவாணன். "உப்புத் தண்ணி அடியில போவ வேணாம்க்கா. இரும்பத் தின்னுரும். அந்த ஸ்டாண்டப் போட்டுடலாம்."

சொர்ணாம்பாள் சிரித்தாள். கோபமே இல்லாமல், பிரியமாகத்தான் சிரித்தாள்.

"நல்லா சொன்னீங்க தம்பி. பழசுக்குப் பதினேழு வருசம் ஊத்தல? அதுக்கு என்ன கேடு வந்துச்சு? கை பட்டுத்தான கெட்டுச்சு? நீங்கதான சொன்னீங்க."

வெண்மதி தலையாட்டினாள். கூட வந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். லீவு போட்டிருந்த அகரன் செல்போனிலிருந்து நிமிரவில்லை. சிவப்ரியா தரையில் குந்தி, துணியைத் தோய்த்து, ஃபிரிட்ஜின் கால்களைச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறை தலையைத் தூக்கி அம்பலவாணனைப் பார்த்தாள்.

இப்போது வருகிற இரும்பு முன்பு மாதிரி கனமில்லை. ஆறு வருஷம், மிஞ்சிப்போனால் ஏழு. அதற்குள் இதுவும் அடியில் பொத்துக்கொள்ளும். அன்றைக்கும் இதே கூடத்தில் நாலு பேர் கூடுவார்கள். யார் ஊற்றிய தண்ணீர் என்று எவனாவது சரியாகவே கண்டுபிடிப்பான், அப்போது அந்தக் கை நிஜமாகவே இவள் கையாகத்தான் இருக்கும்.

"என்ன தம்பி நின்னுட்டீங்க? நல்ல நேரம் போவுது, மாட்டுங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

அம்பலவாணன் குனிந்து ப்ளக்கை மாட்டினார். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. டீ வந்தது, குடித்தார்.